வண்டி யாருடையது? ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ரயிலில் போக ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை போனாலும் இந்தியாவில் ரயில் டிக்கெட்டுக்கு ஒரே வாசல்தான். ஐஆர்சிடிசி தளத்தில் நுழைந்தால் வண்டி, வகுப்பு, கட்டணம், காத்திருப்போர் பட்டியல் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பாவில் வந்து இறங்குகிறவர் முதல் பயணத்திலேயே திகைத்துப்போவார். பாரிஸிலிருந்து ஜெர்மனியின் ஹம் நகருக்குப் போக வேண்டும் என்று தேடினால், ஒரு தளம் வண்டியைக் காட்டும், விலையைக் காட்டாது. இன்னொரு தளம் பாதி வழிக்கு மட்டும் விற்கும். மூன்றாவது தளம் முழு வழிக்கும் விற்கும், ஆனால் கேட்கிற பணத்தைப் பார்த்ததும் விமானத்திலேயே போய்விடலாமா என்று தோன்றும்.

குழப்பத்துக்குக் காரணம் எளியது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ரயில்வே. சில நாடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஓட்டுகின்றன. எல்லோரையும் சேர்த்து ஒரே கூரைக்குக் கீழ் விற்கும் பொது அலுவலகம் கிடையாது. அதனால் எந்தப் பயணத்துக்கும் முதல் கேள்வி "எந்த ஊருக்கு?" என்பதோடு முடிவதில்லை, "அந்த வண்டி யாருடையது?" என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைத்தால் எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது, வண்டியைத் தவறவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

உதாரணத்துக்குப் பாரிஸ்–ஹம் வழியையே எடுத்துக்கொள்கிறேன். ஹம்மின் ஊன்ட்ரோப் பகுதியில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி என்று மூன்று நாடுகளைத் தொடும் இந்த ஒரு வழியைப் புரிந்துகொண்டால் மற்ற வழிகள் கடினமாக இருக்காது.

கையில் என்ன இருக்கிறது?

டிக்கெட்டுக்கு முன் தாள்களைப் பாருங்கள். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டின் ஷெங்கன் விசாவோ வதிவிட அனுமதி அட்டையோ வைத்திருப்பவர் மற்ற 28 நாடுகளுக்கும் குறுகிய காலப் பயணமாகப் போகலாம். 180 நாட்களில் 90 நாட்கள் என்பது வரம்பு. ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் பாரிஸிலிருந்து கொலோன் போவது இன்னொரு நுழைவாகக் கணக்கில் வராது.

லண்டன் அப்படியல்ல. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு லண்டன் போனவர் திரும்பி ஷெங்கனுக்குள் வர முடியாமல் மாட்டிக்கொள்வார். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்குத் தரப்படும் அட்டை பொதுவாக அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். "ரயிலில் யார் பார்க்கப்போகிறார்கள்" என்று தைரியம் சொல்லும் உறவினரின் பேச்சைக் கேட்டு எல்லை தாண்ட வேண்டாம். பார்க்கிறார்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் நோக்கிப் போகும் வண்டிகளில் காவலர்கள் ஏறி ஆவணம் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. கைப்பேசியில் எடுத்து வைத்த படம் போதாது. கடவுச்சீட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், அதுவும் மேல்தட்டுப் பெட்டிக்குள் அல்ல, சட்டைப் பையில்.

வண்டியைக் கண்டுபிடிப்பது

விலையை மறந்துவிட்டு முதலில் கால அட்டவணையைப் பாருங்கள். இதற்கு ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் தளம் அல்லது அதன் டிபி நேவிகேட்டர் செயலி நல்ல கருவி. ஜெர்மனியைத் தொடாத பயணமாக இருந்தாலும் ஐரோப்பாவின் பெரும்பாலான வண்டிகளை அது காட்டும். விலை காட்டவில்லை என்றால் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள்; அந்த வண்டிக்கு அந்தத் தளம் டிக்கெட் விற்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

பட்டியலில் வண்டி எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். ஐசிஇ என்றால் ஜெர்மனியின் அதிவேக வண்டி. டிஜிவி பிரான்சினுடையது. ரெயில்ஜெட், இரவு வண்டியான நைட்ஜெட் ஆகியவை ஆஸ்திரிய ரயில்வேயினுடையவை. ஃப்ரெச்சாரோசா இத்தாலியினுடையது. பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் டிஜிவி லிரியா. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் ஆகியவற்றை இணைத்த சிவப்பு நிறத் தாலிஸ் வண்டிகள் 2023இல் யூரோஸ்டார் பெயருக்கு மாறிவிட்டன. பழைய உறவினர்கள் இன்னும் தாலிஸ் என்றுதான் சொல்வார்கள், தேடினால் கிடைக்காது. ஆர்இ, ஆர்பி என்று தொடங்குபவை ஜெர்மனியின் வட்டார வண்டிகள். இவற்றை அலட்சியமாக விடாதீர்கள், பின்னால் நமக்கு உதவப்போகின்றன.

நம் வழிக்கு இப்போது விடை கிடைக்கிறது. பாரிஸிலிருந்து கொலோன் வரை யூரோஸ்டார், ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடம். கொலோனிலிருந்து ஹம் வரை ஐசிஇ அல்லது ஆர்இ 1, ஆர்இ 7 என்னும் வட்டார வண்டிகள். இரண்டு வண்டி, இரண்டு உரிமையாளர்கள்.

எங்கே, எப்போது வாங்குவது?

வண்டியை ஓட்டும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளலாம். பல நாட்டு டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்கும் இடைத்தரகு தளங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியானவைதான். ஆனால் பயணம் குலையும்போது ரயில்வேக்காரர் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்பார், வாங்கிய இடத்தில் பதில் சொல்ல ஒரு மனிதர்கூட இருக்கமாட்டார். மேலும் ஒரே கூடையில் போட்டுப் பணம் கட்டிய பயணம் உள்ளே இரண்டு தனி டிக்கெட்டுகளாக இருக்கக்கூடும். அதை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

இரண்டு ரயில்வேக்கள் சேர்ந்து ஓட்டும் வண்டிகளில் ஒரு வசதி உண்டு. பாரிஸ்–ஃபிராங்ஃபர்ட் வண்டியை ஜெர்மன் தளமும் விற்கும், பிரெஞ்சுத் தளமும் விற்கும். ஒரே வண்டி, ஒரே இருக்கை, விலை மட்டும் வேறாக இருக்கலாம். பெர்லின்–பிராக் பயணத்துக்குச் செக் ரயில்வேயான செஸ்கே த்ராஹியின் தளத்தில் பல நேரங்களில் குறைவாகக் கிடைக்கும். விலையைச் செக் கொருனாவில் காட்டினால் பயப்பட வேண்டாம், வங்கி அட்டை அதையும் யூரோவாக மாற்றிக்கொள்ளும். ஆக, புறப்படும் நாட்டின் தளம், போய்ச் சேரும் நாட்டின் தளம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

விலை எப்படி நகர்கிறது என்பதும் இந்தியாவில் பழகியவருக்குப் புதிது. காத்திருப்போர் பட்டியலும் இல்லை, தட்கலும் இல்லை. நீண்ட தூர வண்டிகளில் மலிவான இடங்கள் முதலில் விற்றுத் தீரும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். விற்பனை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன்பு தொடங்குகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் வாரக் கடைசியில் ஐரோப்பா முழுவதும் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வரும். அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜூலையிலேயே தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். வண்டி இல்லை என்று முடிவுகட்டாமல் சில வாரம் கழித்துப் பாருங்கள்.

வட்டார வண்டிகளுக்கு இந்த ஆட்டமெல்லாம் கிடையாது. இன்று வாங்கினாலும் அடுத்த மாதம் வாங்கினாலும் ஒரே கட்டணம், ஏறும் முன் இயந்திரத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் வசிப்பவரிடம் மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் (2026 ஜனவரி முதல் 63 யூரோ) நாடெங்கும் வட்டார வண்டிகள், டிராம், பஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆஸ்திரிய எல்லைக்குள் இருக்கும் சால்ஸ்பர்க் முதன்மை நிலையம் வரைகூட அது செல்லும். லக்சம்பர்க்கிலோ 2020 பிப்ரவரி 29 முதல் நாட்டுக்குள் இரண்டாம் வகுப்புப் பயணம் எல்லோருக்கும் இலவசம். ஜெர்மனியின் ட்ரியரிலிருந்து போகிறவர் எல்லை நிலையம் வரை மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

மலிவு டிக்கெட்டின் நிபந்தனையை வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஜெர்மனியில் ஸ்பார்பிரைஸ், ஆஸ்திரியாவில் ஸ்பார்ஷீன என்று வழங்கும் சலுகை டிக்கெட்டுகள் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டோம் என்று முந்தைய வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகவே நடத்துவார்கள்.

இன்னொன்று: டிக்கெட் வேறு, இருக்கை வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் உள்நாட்டு வண்டிகளில் இருக்கை முன்பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. டிக்கெட் மட்டும் வாங்கியவர் காலியான இடத்தில் உட்காரலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் நிற்கத்தான் வேண்டியிருக்கும். சில யூரோவைப் பார்க்காமல் இருக்கையையும் பதிந்துவிடுங்கள். டிஜிவி, யூரோஸ்டார், ஃப்ரெச்சாரோசா, இரவு வண்டிகள் ஆகியவற்றில் இருக்கை இல்லாமல் ஏறவே முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே விதி கிடையாது. ஜெர்மன் வண்டிகளில் ஆறு வயதுக்குட்பட்டவருக்கு டிக்கெட் தேவையில்லை. 6 முதல் 14 வரை உள்ள பிள்ளைகள் பெற்றோருடன் இலவசமாக வரலாம், ஆனால் வாங்கும்போதே டிக்கெட்டில் அவர்களையும் சேர்த்திருக்க வேண்டும். யூரோஸ்டாரில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் இருந்தால் மட்டும் இலவசம்.

இணைப்பு வண்டி என்னும் கண்ணி

இங்கேதான் பணம் போகிறது. எனக்கும் போனது. வந்த புதிதில் இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு மலிவு டிக்கெட் வாங்கி, மாறுவதற்கு நடுவில் 25 நிமிடம் விட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் வண்டி முக்கால் மணி தாமதமாக வந்தது. இரண்டாவது நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுடைய வண்டி சரியான நேரத்துக்குப் போய்விட்டதே" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அன்று வாங்கிய புதிய டிக்கெட்டின் விலை, நான் மிச்சப்படுத்தியதைப் போல மூன்று மடங்கு.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே ஒப்பந்தமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் வண்டி தவறினால் அடுத்த வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் கடமை. சலுகை டிக்கெட்டின் வண்டிக் கட்டுப்பாடும் அப்போது நீங்கிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால் பொதுவாக அந்தக் கடமை இல்லை. பெரிய ரயில்வேக்கள் பலவும் தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன: நாடு விட்டு நாடு போகிறவர் நியாயமான இடைவெளி விட்டிருந்தும் வண்டியைத் தவறவிட்டால், தாமதத்துக்கான முத்திரையைக் காட்டினால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அது உரிமையல்ல, இடம் இருந்தால் கிடைக்கும் சலுகை. முத்திரையை முதல் வண்டியின் பரிசோதகரிடமோ நிலையத் தகவல் முகப்பிலோ அப்போதே வாங்கிவிட வேண்டும், அடுத்த வண்டியில் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் நம் பாரிஸ்–ஹம் பயணத்தை எப்படி அமைப்பது? நான் செய்வது இது. விலை ஏறக்கூடிய, இருக்கை கட்டாயமான யூரோஸ்டாரை முன்கூட்டியே பதிந்துவிடுவேன். கொலோனுக்குப் பிறகு ஐசிஇயைத் தொடமாட்டேன். வட்டார வண்டியில் போவேன். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், நாள் முழுவதும் வண்டிகள் உண்டு, எந்த வட்டார வண்டிக்கும் அந்த டிக்கெட் செல்லும். யூரோஸ்டார் இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் என் இரண்டாவது டிக்கெட் செத்துப்போகாது. இறுக்கமான டிக்கெட் முன்னால், தளர்வான டிக்கெட் பின்னால். திரும்பி வரும்போது இது தலைகீழாகிறது: தளர்வான வண்டி முன்னால், இறுக்கமான யூரோஸ்டார் பின்னால். அதனால் திரும்பும் நாளில் கொலோனில் ஒன்றரை மணி நேரமாவது இருக்கும்படி கிளம்ப வேண்டும். மிகையாகத் தோன்றினால் ஓர் எண்ணைச் சொல்கிறேன்: 2024இல் ஜெர்மனியின் நீண்ட தூர வண்டிகளில் 62.5 விழுக்காடுதான் குறித்த நேரத்தில் ஓடின, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கில். கொலோன் நிலைய வாசலிலேயே பேராலயம் நிற்கிறது, காத்திருக்கும் நேரம் வீணாகாது.

ஊர்ப் பெயர்களின் விளையாட்டு

பிரஸ்ஸல்ஸ் நிலையத்தில் நின்று கொலோன் வண்டியைத் தேடுகிறவர் பலகையில் கோய்லன் என்ற பெயரைக் கண்டு விழிப்பார். டச்சு மொழியில் கொலோனுக்கு அதுதான் பெயர். ஆகன் நகரம் பிரெஞ்சில் எக்ஸ்-லா-ஷப்பெல். லியேஜ் என்பதே டச்சில் லாய்க், ஜெர்மனில் லூட்டிஷ். பிரஸ்ஸல்ஸின் மிடி நிலையமும் சாய்ட் நிலையமும் ஒன்றே; இரண்டும் தெற்கு என்றுதான் சொல்கின்றன. வியன்னாவை ஹங்கேரியர் பேச் என்பார்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது இத்தாலி: அங்கே மியூனிக்குக்குப் பெயர் மொனாக்கோ. ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல் வண்டி எண்ணையும் புறப்படும் நேரத்தையும் பாருங்கள். நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும்.

ஒரே ஊரில் பல நிலையங்கள் என்பது அடுத்த பொறி. பாரிஸில் யூரோஸ்டாருக்கு கார் து நோர், ஜெர்மனி வண்டிகளுக்கு கார் து லெஸ்த், சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் கார் து லியோன். முதல் இரண்டும் நடக்கும் தூரம். மூன்றாவதற்குப் போக மெட்ரோ வேண்டும். கொலோனில் சில ஐசிஇ வண்டிகள் முதன்மை நிலையத்துக்கு வராமல் ரைன் ஆற்றின் மறுகரையில் உள்ள மெஸ்ஸ/டொய்ட்ஸ் நிலையத்தில் மட்டும் நிற்கும். வெனிஸ் என்று வாங்கும்போது சாண்டா லூசியாவா, கடலுக்கு இப்பால் இருக்கும் மெஸ்ட்ரேவா என்று பாருங்கள்.

கார் து நோரில் ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை. சற்று வடக்கே நடந்தால் லா ஷப்பெல், நம்மவர் கடைகள் நிறைந்த தெரு. வண்டியில் விற்கும் காய்ந்த ரொட்டிக்குக் கொடுக்கிற காசில் அங்கே வடையும் ரோல்ஸும் வாங்கி ஒரு குடும்பமே சாப்பிடலாம்.

பெரும்பாலான வண்டிகளுக்குச் சோதனை வாசலெல்லாம் இல்லை. நேராக நடைமேடைக்குப் போய் ஏறலாம். லண்டன் யூரோஸ்டார் இதற்கு விலக்கு: கடவுச்சீட்டுச் சோதனை, பைச் சோதனை எல்லாம் பாரிஸிலேயே முடியும், ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போக வேண்டும். ஸ்பெயினில் அதிவேக வண்டிகளுக்கும் பையை எக்ஸ்ரேயில் காட்ட வேண்டும். பிரெஞ்சு வண்டிகளில் நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு பயணப் பையிலும் உங்கள் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

ஏறும் முன் பெட்டி எண்ணைப் பாருங்கள். ஓடி ஏறி உள்ளே நடந்துகொள்ளலாம் என்பது எப்போதும் நடக்காது. இரண்டு வண்டிகளைக் கோத்து ஓட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி இருக்காது. பெர்லினிலிருந்து வரும் பல ஐசிஇ வண்டிகள் நம் ஹம் நிலையத்தில்தான் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வூப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் மறு பாதி டார்ட்முண்ட், எஸ்ஸன் பக்கமும் போகின்றன. நைட்ஜெட் வண்டிகளும் நள்ளிரவில் பிரிந்து வெவ்வேறு நாடுகளுக்குப் போகும். பெட்டி மாறித் தூங்கியவர் காலையில் வேறு ஊரில் கண் விழிப்பார்.

சுவிட்சர்லாந்து போகிறவர்கள் எல்லைக்கு முன்பே டிக்கெட்டைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் இலவச இணைய இணைப்பு பல திட்டங்களில் அங்கே செல்லாது.

பாஸ் வாங்கலாமா?

நாலைந்து நாடுகளை ஒரே மூச்சில் சுற்றுகிறவருக்கு மட்டும். ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவருக்கு யூரெயில். குடியுரிமை எது என்பது பொருட்டல்ல, வசிக்கும் இடமே கணக்கு. இன்டர்ரெயிலில் சொந்த நாட்டுக்குள் ஒருமுறை வெளியே போகவும் ஒருமுறை திரும்பவும்தான் பயன்படுத்தலாம். பாஸ் இருந்தாலும் டிஜிவி, யூரோஸ்டார் போன்றவற்றுக்கு இருக்கைக் கட்டணம் தனி, அதற்கு ஒதுக்கிய இடங்களும் குறைவு. போய்வர இரண்டே பயணம் என்றால் தனி டிக்கெட்டே லாபம்.

தாமதமானால்

டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, போய்ச் சேரும் இடத்தில் 60 முதல் 119 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடு, 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 விழுக்காடு திருப்பித் தர வேண்டும். ஒரு மணி நேரத் தாமதம் ஆகும் என்று முன்பே தெரிந்தால் பயணத்தையே கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். இரவில் வழியில் சிக்கிக்கொண்டால் தங்கும் இடமும் அவர்கள் பொறுப்பு. கையிலிருந்து செலவழித்து ரசீது வைத்துக்கொள்வதற்கு முன் நிலைய முகப்பில் கேட்டுவிடுங்கள். கடும் புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் சேராது.

இழப்பீடு தானாக வராது, கேட்க வேண்டும். வாங்கிய தளத்தின் கணக்கிலேயே பெரும்பாலும் அதற்கான படிவம் இருக்கும். மூன்று மாதத்துக்குள் அனுப்புங்கள். அடுத்த பயணத்துக்கான கூப்பன் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்பார்கள். பணம் என்பதையே தேர்ந்தெடுங்கள். கோரிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் செலுத்தியாக வேண்டும்.